நகர்ந்துகொண்டே இருக்கும் அழுத்தம்

சாமுவேல் ராஜர்ஸ் என்றொரு கவிஞர் லண்டனில் வாழ்ந்தார். 1763இல் பிறந்து 1855இல், தொண்ணூற்றிரண்டு வயதில் மறைந்தவர். வங்கித் தொழிலில் வந்த செல்வம், ஊரின் எழுத்தாளர்களையெல்லாம் காலை விருந்துக்கு அழைக்கும் வழக்கம், வேர்ட்ஸ்வொர்த் இறந்தபின் தேடிவந்த அரசவைக் கவிஞர் பதவியை முதுமையைக் காட்டி மறுத்த நிதானம் என்று அவரைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. அவருடைய கவிதைகளை இன்று படிப்பார் அரிது. ஆனால் அவர் மறைந்தபின் வெளியான உரையாடல் தொகுப்பில் ஒரு சிறு முணுமுணுப்பு இருக்கிறது. மொழி வரலாறு எழுதுகிறவர்கள் அதை மட்டும் விடாமல் எடுத்துக் காட்டுகிறார்கள். நாகரிகம் என்ற பெயரில் மக்கள் இப்போது 'கான்டெம்ப்ளேட்' என்ற சொல்லின் முதல் அசையை அழுத்துகிறார்களே, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், 'பால்கனி'யின் முதல் அசையை அழுத்துவதைக் கேட்டால் குமட்டுகிறது என்று அந்த முதியவர் வருந்தியிருக்கிறார். அவர் இளைஞராக இருந்தபோது அது 'பல்-கோ-னி'; நடுவிலிருக்கும் 'கோ'வில்தான் கனம். 1782இல் வில்லியம் கூப்பர் எழுதிய ஜான் கில்பின் கதைப்பாட்டில், குதிரையின் மேல் அடங்காமல் பறக்கும் கணவனை மனைவி ஒரு மாடி முகப்பிலிருந்து பார்க்கும் இடம் வரும். அந்த அடியை இன்றைய உச்சரிப்பில் படித்தால் சந்தம் நொண்டும். ராஜர்ஸின் செவியோடு படித்தால் நேராக நடக்கும்.

சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு மொழிக்குள் நெடுங்காலம் குடியிருந்தவருக்கு, தான் அறிந்த சொற்கள் தன் கண்முன்னே வேறொரு நடை நடக்கத் தொடங்குவதைக் காண்பது சிரிப்புக்குரிய துயரமன்று. அவருக்கு முன்னும் அப்படி வருந்தியவர்கள் இருந்தார்கள், பின்னும் இருந்தார்கள். இன்றும் பிரிட்டனில் 'கான்ட்ரவர்சி' என்பதில் முதல் அசையா இரண்டாம் அசையா என்றும், 'கிலோமீட்டர்' என்பதில் 'கி'யா 'லோ'வா என்றும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கேட்டதையே மொழியின் இயற்கை என்று கொள்கிறது. அந்த இயற்கையும் அதற்கு முந்திய தலைமுறையின் காதில் பிழையாக ஒலித்ததுதான். ஆங்கிலத்தின் நீண்ட சொற்களில் அழுத்தம் எங்கே விழும், அசை எங்கே பிரியும் என்ற கேள்வி பள்ளிக்கூடத்துச் சின்ன விஷயம்போலத் தோன்றினாலும், அதன் அடியில் ஆயிரம் ஆண்டு இழுபறி ஒன்று ஓடுகிறது.

தொடக்கத்தில் அந்த மொழிக்கு இந்தக் குழப்பமே கிடையாது. பழைய ஆங்கிலத்தில், மற்ற ஜெர்மானிய மொழிகளில் போலவே, சொல்லின் வேர் எதுவோ அதன் முதல் அசையில் அழுத்தம் விழுந்தது. வினைச்சொல்லுக்கு முன்னால் ஒட்டும் சில முன்னொட்டுகள் மட்டும் விலக்கு. 'பேவுல்ஃப்' போன்ற காவியங்களின் யாப்பும் இதன்மேல்தான் நின்றது: அடியின் இரு பாதிகளிலும் அழுத்தம் பெறும் அசைகள் ஒரே ஒலியில் தொடங்க வேண்டும். மோனை கேட்டுப் பழகிய நமக்கு அந்தக் கட்டமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் முதலசையை ஓங்கி அறைகிற பழக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. அழுத்தம் பெறாத கடை அசைகள் தலைமுறைக்குத் தலைமுறை மங்கின. வேற்றுமை உருபுகள் தேய்ந்து ஒரே முனகலாயின, பிறகு அதுவும் மறைந்தது. 'ஹ்லாஃப்-வெயர்ட்' என்று அப்பத்தைக் காப்பவனைக் குறித்த கூட்டுச்சொல் 'ஹ்லாஃபோர்ட்' ஆகி, 'லாவெர்ட்' ஆகி, கடைசியில் ஓரசையில் 'லார்ட்' என்று சுருங்கிப் பிரபுக்களின் பட்டமாக நிற்கிறது. ஆங்கிலத்தின் வீட்டுச் சொற்கள் பெரும்பாலும் குட்டையாக இருப்பதற்கு இந்தத் தேய்மானமே காரணம். தேய்மானம் இன்னும் நின்றபாடில்லை: எழுத்தில் நான்கு அசை காட்டும் 'வெஜிடபிள்', பேச்சில் மூன்றசையோடு நின்றுவிடுகிறது.

1066இல் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையெடுத்து வந்தபின், அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. பிரெஞ்சுச் சொற்கள் கடைசியில் கனப்பவை. அவை ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்துக்குள் இறங்கியபோது இரண்டு நடைகள் ஒரே மொழிக்குள் முட்டிக்கொண்டன. 1400இல் மறைந்த சாசரின் செய்யுளில் 'நேச்சர்', 'கரேஜ்', 'வெர்ச்சு' போன்றவை பிரெஞ்சு முறைப்படி பின்னசை கனத்து வருவதைக் காணலாம். சில சொற்களை அவரே ஓரிடத்தில் முன்னால் அழுத்தியும் இன்னோரிடத்தில் பின்னால் அழுத்தியும் சந்தத்துக்கு வசதியாக ஆண்டிருக்கிறார். பெருங்கவிஞர்களுக்கு இப்படி ஒரு தத்தளிப்பு வாய்ப்பது வரம். மெல்ல மெல்ல ஊர்ப் பழக்கம் வென்றது. முன்பே வந்து தங்கிய சொற்களெல்லாம் தலையை உயர்த்திக்கொண்டன. பிந்தி வந்தவை, 'மெஷின்', 'பொலிஸ்', 'ஹோட்டல்' போன்றவை, வந்தபடியே வாலில் கனத்து நிற்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் விடியலில் மோட்டார் வண்டியோடு நுழைந்த 'கராஜ்' பிரிட்டனில் பெரும்பாலும் தலையில் அழுந்துகிறது, அமெரிக்காவில் வாலில். 'பாலே', 'கஃபே' ஆகியவற்றிலும் இதே பிளவு. ஐந்நூறு ஆண்டுக்கு முன் 'நேச்சர்' நடந்து முடித்த பாதையில் இவை பாதி தூரம் வந்திருக்கின்றன.

பிரெஞ்சோடு நின்றிருந்தால் கணக்கு எளிது. மறுமலர்ச்சிக் காலத்தில் புலவர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் மூட்டை மூட்டையாகச் சொற்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றோடு ரோமானியரின் அழுத்த விதியும் நிழல்போலத் தொடர்ந்து வந்தது. முதல் நூற்றாண்டில் குவின்டிலியன் விளக்கிய விதி அது: கடைசிக்கு முந்திய அசை நெடிலாகவோ ஒற்றடுத்தோ இருந்தால் அழுத்தம் அங்கே, இல்லையென்றால் அதற்கும் முந்திய அசையில். குறில், நெடில், ஒற்று என்ற மூன்றையும் வைத்து நேரசை, நிரையசை என்று அளக்கக் கற்றுக்கொடுத்த தொல்காப்பியரின் வாரிசுகளுக்கு, ஓர் அசையின் எடையை நிறுத்துப் பார்க்கும் இந்தப் பார்வை புதிதன்று. வேறுபாடு இதுதான்: நம் யாப்பில் அசையின் எடை செய்யுளின் ஓசையை அமைக்கிறது, தமிழ்ச் சொல்லின் பொருளை அழுத்தம் மாற்றுவதில்லை, லத்தீனில் அசையின் எடையே சொல்லுக்குள் அழுத்தம் விழும் இடத்தைத் தீர்மானித்தது.

இறந்துபோன பேரரசின் விதி எவ்வளவு உயிரோடிருக்கிறது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி 1839இல் கிடைத்தது. ஒளியால் படம் பதியும் புதுக்கலைக்கு ஜான் ஹெர்ஷல் என்ற வானியலாளர் கிரேக்க வேர்களிலிருந்து பெயர்களை வழங்கினார். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில் அழுந்தியது. 'ஃபொட்டாக்ரஃபி' இரண்டாவதற்கு நகர்ந்தது. 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாவதற்குத் தாவியது. சொற்களுக்கு அப்போதுதான் வயது சில மாதம். அவற்றை ஒருவரும் கேட்டு வளர்ந்ததில்லை. ஆயினும் எந்த ஈறு வந்தால் கனம் எங்கே போக வேண்டும் என்பதை ஆங்கிலம் பேசுபவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். 'இட்டி' என்று முடிந்தால் அதற்கு முந்திய அசை, 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்திய அசை, 'இக்' என்று முடிந்தாலும் பெரும்பாலும் அப்படியே. 'எலெக்ட்ரிக்' என்பதில் 'லெக்'கில் இருக்கும் அழுத்தம் 'எலெக்ட்ரிசிட்டி'யில் 'ட்ரி'க்கு ஓடுகிறது. நீண்ட சொல்லைக் கண்டு மிரளும் மாணவருக்கு நல்லாசிரியர் சொல்லும் உபாயம், முன்னாலிருந்து எண்ணாதே, வாலைப் பிடித்துப் பின்னாலிருந்து வா என்பது. குவின்டிலியனும் பின்னாலிருந்துதான் எண்ணினார்.

ராஜர்ஸின் குமட்டலுக்கும் இங்கேதான் விளக்கம் இருக்கிறது. 'கான்டெம்ப்ளேட்', 'இல்லஸ்ட்ரேட்', 'டெமான்ஸ்ட்ரேட்', 'கான்ஃபிஸ்கேட்', 'காம்பென்சேட்' என்ற வினைகளில் நடு அசை ஒற்றடுத்துக் கனமானது. ஆகையால் படித்தவர்கள் அதை அழுத்தினார்கள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அவை ஒன்றன்பின் ஒன்றாக முதலசைக்குத் தாவின. பழைய ஜெர்மானியப் பழக்கம், எழுநூறு ஆண்டு பொறுத்திருந்து, லத்தீன் வீட்டிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொண்டது. முதியவர் அதை அலட்சியம் என்றும் நாகரிகப் பித்து என்றும் நினைத்தார். அவர் கேட்டது தம் பாட்டனார்களுக்கும் முந்திய ஒரு குரல்.

அதே இழுபறி இன்னொரு பயனையும் தந்தது. பீட்டர் லெவின்ஸ் என்பவர் 1570இல் வெளியிட்ட எதுகை அகராதி, ஆங்கிலச் சொற்களின் அழுத்தம் எங்கே என்று நமக்குத் தெரிவிக்கும் மிகப் பழைய நூல்களில் ஒன்று. பெயராக வரும்போது முதலசையும் வினையாக வரும்போது பின்னசையும் கனக்கும் இரட்டைகள் அதில் மூன்றுதான்: 'அவுட்லா', 'ரெபெல்', 'ரெக்கார்ட்'. இப்படி முளைத்த பழக்கம் எந்த அறிஞரின் ஆணையும் இல்லாமல் சொல்லிலிருந்து சொல்லுக்குத் தொற்றியது. 1934இல் எண்ணியபோது அத்தகைய இரட்டைகள் 150. யாரும் திட்டமிடாத ஓர் இலக்கணம், முந்நூற்று அறுபது ஆண்டுகளில், மூன்று சொற்களிலிருந்து அவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது.

அழுத்தத்தை அச்சில் பிடித்து வைக்கும் ஆசை பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு தொழிலாகவே ஆயிற்று. சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் பேரகராதியில் தலைச்சொல்லின் மேல் ஒரு சிறு குறியிட்டு அழுத்தத்தைக் காட்டினார். அதற்குமேல் உச்சரிப்பில் அவர் தலையிடவில்லை. வில்லியம் கென்ரிக் 1773இல் சொற்களை அசை அசையாகப் பிரித்து உயிரொலிகளுக்கு எண் கொடுத்தார். 1780இல் தாமஸ் ஷெரிடனும், 1791இல் ஜான் வாக்கரும் தங்கள் உச்சரிப்பு அகராதிகளை வெளியிட்டார்கள். இருவரும் நாடக மேடையில் நடித்தவர்கள். ஷெரிடன் அயர்லாந்துக்காரர், ஓர் ஐரிஷ்காரர் ஆங்கில உச்சரிப்பை நிர்ணயிப்பதா என்று ஜான்சனே கேட்டதை அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் பதிவு செய்திருக்கிறார். 1761இல் ஷெரிடன் எடின்பரோவில் உரையாற்றியபோது ஸ்காட்லாந்துக் கனவான்கள் கூட்டமாக வந்து அமர்ந்து தங்கள் நாவைத் திருத்திக்கொள்ள முயன்றார்கள். வாக்கரின் அகராதி தொடக்கத்திலேயே ஸ்காட்லாந்துக்காரர், அயர்லாந்துக்காரர், லண்டன்காரர் ஆகியோருக்குத் தனித்தனியாக அறிவுரை வைத்திருந்தது. யாருக்கு அந்த மொழி பிறப்போடு வந்ததோ அவர்களுக்கு இந்த நூல்கள் தேவைப்படவில்லை. வாசலில் நின்றவர்களே அவற்றை எழுதினார்கள், வாசலில் நின்றவர்களே வாங்கினார்கள்.

அந்த வரிசையில் பின்னொரு நாள் நாமும் போய் நின்றோம். மெக்காலேயின் 1835ஆம் ஆண்டுக் குறிப்பும், 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகமும், அரசு உத்தியோகமும் சேர்ந்து ஆங்கிலத்தைப் பிழைப்பின் மொழியாக்கின. ஸ்காட்லாந்துக் கனவானுக்காவது லண்டன் குரல் எப்போதாவது காதில் விழுந்தது. கும்பகோணத்துப் பையனுக்குப் புத்தகமே ஆசான். கண் வழியாக வந்த மொழியை அவன் தன் தாய்மொழியின் ஒழுங்கில், எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒத்த மரியாதை கொடுத்துப் பேசினான். கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், இங்கிலாந்தே வியந்த பேச்சாளராக உயர்ந்தது விதிவிலக்கு. 'வெள்ளி நாக்கு' என்ற பட்டம் அவருக்குக் கிடைத்ததிலேயே மற்றவர்களின் நாக்கைப் பற்றிய ஒரு மதிப்பீடும் மறைந்திருக்கிறது. 1969இல் ஹைதராபாத்தின் ஆங்கில ஆய்வு நிறுவனத்திலிருந்து ஆர். கே. பன்சல் வெளியிட்ட ஆய்வு, இந்தியரின் ஆங்கிலம் பிற நாட்டாருக்குப் புரியாமல் போகும் காரணங்களுள் சொல்லழுத்தம் முக்கியமானது என்று கண்டது. ஒலிகளைவிட அழுத்தம் பிசகும்போதே கேட்பவர் தடுமாறுகிறார். ஆங்கிலச் செவி ஒரு நீண்ட சொல்லை அதன் கனத்த அசையைப் பிடித்துத்தான் அடையாளம் காண்கிறது. அது இடம் மாறினால் வேறொரு சொல்லைத் தேடிப் போய்விடுகிறது.

அந்த ஆய்வின் பயன் ஒருபுறம் இருக்கட்டும். பிழை என்று நாம் கூசுகிற சிலவற்றுக்கு இங்கிலாந்திலேயே பழைய உறவினர்கள் உண்டு. நம் தாலுகா அலுவலகங்களில் நடு அசை கனக்க ஒலிக்கும் 'ரெவின்யூ', ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலும் சிலவிடத்தில் அப்படியே கனக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் லண்டன் நாடாளுமன்றத்தில் அந்த உச்சரிப்பு நிலவியது. 'ஆஸ்பெக்ட்' ஷேக்ஸ்பியருக்குப் பின்னசையில் கனப்பது. கொடுக்கல் ஒருவழியாகவும் நடக்கவில்லை. நம் கட்டுமரத்தை அவர்கள் கடைசி அசையில் அழுத்திக் 'காட்டமரான்' ஆக்கினார்கள், சுருட்டைச் 'செரூட்' ஆக்கி வாலில் கனம் வைத்தார்கள், மிளகுத்தண்ணீரை 'மல்லிகடானி' என்று நீட்டித் தண்ணீரின் தலையில் ஓங்கி அடித்தார்கள். மதராஸ் சமையற்காரர் எவரும் அதைக் கேட்டுக் குமட்டுகிறது என்று எழுதி வைக்கவில்லை.

அசையைப் பிரிக்கும் தகராறுக்கு வருவோம். நீண்ட சொல் வரியின் ஓரத்தில் இடமில்லாமல் போகும்போது எங்கே வெட்டுவது என்பது குட்டன்பெர்க்கின் பைபிளிலிருந்தே அச்சுக்கூடத்தின் தலைவலி. குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும்போதும் இதே கேள்வி வரும். தாமஸ் டில்வொர்த் என்ற ஆங்கிலப் பள்ளியாசிரியரின் 1740ஆம் ஆண்டுப் பாடநூல் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் பரவியிருந்தது. இரண்டு உயிர்களுக்கு நடுவே நிற்கும் மெய் பின்னதோடு சேரும் என்ற பழைய இலக்கண விதிப்படி அவர் 'ஹா-பிட்' என்று பிரித்தார். 'ஷன்' என்ற ஈற்றையும் எழுத்துக்குக் கட்டுப்பட்டு இரண்டு அசையாக்கினார். 1783இல் நோவா வெப்ஸ்டர் என்ற இளம் ஆசிரியர், புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டுக்குத் தனிப் பாடநூல் வேண்டும் என்று கிளம்பி, இதைக் கலைத்துப் போட்டார். காது கேட்பதுபோல் பிரி என்பது அவர் வாதம்: 'ஹாப்-இட்'. முன்னசையில் அழுத்தம் இருக்கிறது, உயிரும் குறில்; ஆகவே மெய்யையும் அந்த அசையே இழுத்துக்கொள்கிறது. நீல அட்டை போட்ட அந்தப் புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. நான்கு தலைமுறை அமெரிக்கக் குழந்தைகள் அதைப் பார்த்து அசை அசையாக ஒரே குரலில் ஓதினார்கள். பிரிட்டிஷார் மூன்றசையில் விழுங்கிவிடும் 'செக்ரட்டரி'யை அமெரிக்கர்கள் நான்கசையும் தெளிய உச்சரிப்பதற்கு அந்த ஓதலையே காரணமாகச் சொல்வோர் உண்டு. அந்தப் பழக்கம் அச்சிலும் இறங்கியது. 'ஃபொட்டாக்ரஃபி'யை அமெரிக்க அச்சகம் ஓசைப்படி 'டாக்' என்ற அசைக்குப் பின்னாலும் வெட்டும். மரபான பிரிட்டிஷ் அச்சகம் வேர்ச்சொல் சிதையாமல் 'ஃபோட்டோ' முடிந்த இடத்தில் வெட்டும்.

டில்வொர்த் தோற்றுப்போனார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1968இல் நோம் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் ஆங்கிலத்தின் ஒலியமைப்பைப் பற்றிப் பெருநூல் எழுதினார்கள். சொல்லழுத்தத்தைச் சில விதிகளில் அடக்கிக் காட்டிய அந்த நூலில் அசை என்ற அலகுக்கே இடமில்லை என்பது விந்தை. அதன்பின் வந்தவர்கள் அசையை மீட்டபோது, மெய் கூடியமட்டும் பின்னசையோடு சேரும் என்ற கொள்கை எழுந்தது. பாவம் டில்வொர்த், இருநூறு ஆண்டு கழித்து அவருக்கு ஆதரவாளர்கள் கிடைத்தார்கள். இல்லை, அழுத்தம் பெற்ற அசையே மெய்யை இழுக்கிறது என்று 1990இல் லாங்மன் உச்சரிப்பு அகராதியில் ஜான் வெல்ஸ் பிரித்துக் காட்டியபோது வெப்ஸ்டரின் குரல் லண்டனிலிருந்து கேட்டது. இடையில் 1976இல் டேனியல் கான் தம் எம்.ஐ.டி. ஆய்வேட்டில், அந்த மெய் ஒரே சமயத்தில் இரண்டு அசைக்கும் சொந்தம் என்று எழுதினார். நம் பஞ்சாயத்துகளில் வழங்கப்படும் தீர்ப்பின் சாயல் அதில் இருக்கிறது. வழக்கும் பஞ்சாயத்துத் தீர்ப்புக்குப் பிறகு நடப்பதுபோல் தொடர்கிறது.

இந்த வழக்கில் இயந்திரமும் ஒருநாள் சாட்சிக் கூண்டில் ஏறியது. டொனால்ட் க்னூத் உருவாக்கிய 'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக, ஸ்டான்ஃபோர்டில் அவருடைய மாணவர் ஃபிராங்க் லியாங் 1983இல் ஓர் ஆய்வேட்டை முடித்தார். அதன் தலைப்பிலேயே சொற்களை அசை பிரித்து அச்சிட்டிருப்பார். ஓர் அகராதியின் பிரிப்புகளைக் கணினிக்குக் காட்டி, எந்த எழுத்துச் சேர்க்கையில் வெட்டலாம், எதில் கூடாது என்று 4,447 வடிவங்களாக அது வடித்தெடுத்தது. அகராதி அனுமதிக்கும் பிரிப்புகளில் சுமார் 89 விழுக்காட்டை அந்த வடிவங்கள் கண்டுபிடித்தன. லத்தீன் விதியும் ஜெர்மானியப் பழக்கமும் வெப்ஸ்டரின் காதும் அந்த எண்களுக்குள் பெயரில்லாமல் படிந்திருக்கின்றன. அவற்றுக்கு வெளியே பதினான்கு சொற்களை மட்டும் கையால் தனிப்பட்டியலாக எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பதினான்கில் 'பிரசென்ட்', 'பிராஜெக்ட்' இரண்டும் உண்டு. பெயராக நின்றால் அழுத்தம் முன்னசையில், மெய்யும் அதோடு போகும். வினையாக நின்றால் அழுத்தம் பின்னே, மெய்யும் பின்னே. எழுத்தை மட்டும் பார்க்கும் இயந்திரத்துக்கு எது எது என்று தெரிய வழியில்லை. ஆகவே வரியின் ஓரத்தில் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அவற்றை வெட்டவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். உலகமெங்கும் கணித ஆய்வுக் கட்டுரைகளை அச்சுக்கோக்கும் அந்த மென்பொருளில் பட்டியல் இன்றும் அப்படியே இருக்கிறது.